அந்த மேஜையில் நான் சொன்ன பதில்

தருண் கண்ணு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை ஆகிறது. ஃபோன் அடித்தால் பயந்து எழுந்துவிடுவாய் என்றுதான் மெயிலில் எழுதுகிறேன். காலையில் நிதானமாகப் படி. எழுதாமல் படுத்தால் நாளைக் காலையில் எனக்கு இந்தத் தைரியம் இருக்காது, உன் அம்மாவை உனக்குத் தெரியும். இன்று சாயங்காலம் மேகனா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். உன்னைக் கேட்காமல்தான் போனேன். கல்யாணப் பேச்சை அவர்கள் நிறுத்தி வைத்திருப்பது, உனக்குக் கடலை ஆகாது என்பதை நீ மறைத்தாய் என்று நினைத்துத்தான். நீ அப்படி எதையும் மறைக்கவில்லை, மறைத்தது நான். பதினோரு நாளாக நீ அந்தப் பழியைச் சுமந்துகொண்டு ஹைதராபாத்தில் உட்கார்ந்து, எனக்கு 'சாப்பிட்டேன்', 'ஓகே' என்று இரண்டே வார்த்தைகள் அனுப்பிக்கொண்டிருக்கிறாய். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், அந்த ராத்திரி ஓட்டலில் நான் என்ன செய்தேன் என்பதை ஒருமுறை முழுதாக எழுதிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் என் வாயால் இதுவரை ஒருதரம்கூட நான் உன்னிடம் சொல்லவில்லை.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது மேகனாதான், ஞாபகம் இருக்கிறதா? பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். முதல்தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவளுடைய அம்மா தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்ததை நாம் தொடாமல் எழுந்து வந்தோம். அவர்கள் முகம் வாடியது எனக்கும் தெரிந்தது. அப்புறம்தான் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் வீடும் வேண்டாம், உங்கள் வீடும் வேண்டாம், விஜயநகரில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, சைனா, தாய்லாந்து, ஜப்பான் என்று எல்லாச் சாப்பாடும் இருக்கும், ஆபீஸ் ஆட்களோடு போயிருக்கிறேன், இரண்டு குடும்பமும் அங்கே உட்கார்ந்து பேசலாம் என்றாள். இந்தக் காலத்துப் பெண் எவ்வளவு புத்திசாலித்தனமாக யோசிக்கிறாள் என்று உங்கப்பாவிடம் நானே பெருமையாகச் சொன்னேன். ஆனால் 'தாய்லாந்து' என்று அவள் சொன்னதை நான் கவனிக்காமல் இல்லை. அந்தச் சாப்பாட்டில் கடலை போடுவார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். படித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதுதான் கேள்வி. உனக்கு இரண்டரை வயது, எனக்கு இருபத்திரண்டு. பி.காம். கடைசி வருஷப் பரீட்சையை உன்னை மடியில் வைத்துக்கொண்டு எழுதி முடித்திருந்தேன். மண்டி மொஹல்லாக் கடைத்தெருவில் உங்கப்பா கடையில் மூட்டை மூட்டையாகக் கடலை. நீ ஒரு பருப்பை எடுத்து வாயில் போட்டாய், அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் உன் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. அந்தச் சந்தில் லாரி நின்று வழியை அடைத்திருந்தது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அன்றைக்கு ஆரம்பித்த பயம் இன்றுவரை என்னை விடவில்லை. அதற்கப்புறம் உங்கப்பா கடையிலிருந்து வந்தால் வாசல் குழாயில் கை, முகம் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுத்தான் உன்னைத் தூக்குவார். நம் அக்ரஹாரத்து வீட்டில் கடலை எண்ணெய் வாசனையே கிடையாது. வீட்டுக்குள் அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்த நான், வெளியாட்கள் முன்னால் அதையே ஒரு களங்கம் மாதிரி மூடி மூடி வைத்தேன்.

ஹனூரில் உன் பெரியப்பா மகள் கல்யாணத்தில் உனக்கு ஒன்பது வயது. பந்தியில் இலையில் சட்னி வைக்க வந்தபோது நீ கையை நீட்டித் தடுத்து, எனக்குக் கடலை ஆகாதுங்க என்று நல்ல சத்தமாகச் சொன்னாய். நான் சொல்லிக்கொடுத்தபடியே சொன்னாய். எதிர்வரிசையில் இருந்த உன் பெரியப்பா சிரித்துக்கொண்டே, "கடலைக்காட்டுக்காரன் ஊட்டுல பொறந்துட்டுக் கடலை ஆகாதாமா. நாளைக்கு இவனுக்கு எவனப்பா பொண்ணு குடுப்பான்?" என்றார். பந்தியே சிரித்தது. எனக்கு முகம் எரிந்தது. இலைக்கு அடியில் உன் தொடையைக் கிள்ளினேன். காரில் திரும்பும்போது, இதையெல்லாம் ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லணுமா, என்னிடம் சொன்னால் நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா என்று கத்தினேன். நீ அழவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். அன்றிலிருந்து யாராவது உன்னிடம் எதையாவது கேட்டால், முதலில் என் முகத்தைப் பார்ப்பாய். அப்புறம்தான் பதில் வரும். அடக்கமான பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன் கண்ணு. பதினைந்து வருஷம் நம்பினேன்.

மேகனாவின் வரன் வந்தபோது எனக்குப் பெரியப்பாவின் அந்தப் பேச்சுத்தான் காதில் கேட்டது. வீடு இங்கே என்றாலும் அவளுடைய அப்பாவுக்குக் கொள்ளேகாலில் கடலை எண்ணெய் மில், உங்கப்பா கடைச் சரக்கு பாதி அங்கேதான் போகிறது. அந்த வீட்டு மாப்பிள்ளைக்குக் கடலை வாசனையே ஆகாது என்றால்? இரண்டு மாசமாக நீயும் அவளும் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தீர்கள். அவளிடம் சொல்லிவிடுகிறேன் அம்மா என்று நீ மூன்று தடவை கேட்டாய், எண்ணி மூன்று தடவை. நிச்சயம் முடியட்டும், நானே பக்குவமாகச் சொல்கிறேன் என்று மூன்று தடவையும் உன் வாயை அடைத்தேன். அன்று சாயங்காலம் கிளம்பும்போது, மாத்திரையும் ஊசி மருந்தும் இருக்கிற அந்தச் சின்னப் பையை நீ தோளில் மாட்டினாய். புதுச் சட்டைக்கு இது என்ன மருந்துக்கடைப் பை, வீட்டிலேயே வை, நான் பக்கத்திலேயேதானே இருப்பேன் என்றேன். நீ கழற்றி அலமாரியில் வைத்தாய். இதை டாக்டரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்ததுமே எனக்குக் கண் தெரியவில்லை, அவ்வளவு மங்கல் வெளிச்சம். ஒரு பக்கம் தாழ்ந்த சோபாக்களும் நீல விளக்கும், பாட்டுப் போடுகிற ஆளுமாக இளசுகள் கூட்டம். இன்னொரு பக்கம் காகித விளக்குகளுக்குக் கீழே சாப்பாட்டு மேஜைகள். மெனுவைப் படிக்க உங்கப்பா ஃபோன் டார்ச்சைப் போட்டார். மேகனாவின் அப்பா அந்த இரண்டு குச்சிகளையும் கையில் பிடித்து, இதில் எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பசியே அடங்கிவிடும் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். நல்ல மனிதர். நான் சிரித்துக்கொண்டே எந்தப் பெயருக்குப் பக்கத்தில் கடலை என்று போட்டிருக்கிறது என்று அந்த இருட்டில் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கறுப்புக் கோட்டுப் போட்ட பெண் ஆர்டர் எடுக்க வந்தாள். எழுதுவதற்கு முன், அவர்கள் வழக்கப்படி, யாருக்காவது ஒத்துக்கொள்ளாதது ஏதாவது உண்டா, கடலை, இறால், நண்டு மாதிரி, சொன்னால் சமையலறையில் தனியாகச் செய்யச் சொல்கிறோம் என்று இங்கிலீஷில் பொறுமையாகக் கேட்டாள். கடலையைத்தான் முதலில் சொன்னாள். நீ வாயைத் திறந்தாய். வழக்கம்போல முதலில் என்னைப் பார்த்தாய். உனக்கு முன்னால் நான் சொன்னேன்: "நத்திங். எவ்ரிதிங் ஓகே."

இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டி, எத்தனை டீச்சரிடம் கெஞ்சி உன்னைக் காப்பாற்றியிருப்பேன். ஒருத்தி தானாக வந்து, உன் பிள்ளையைக் காப்பாற்றட்டுமா என்று கேட்கிறாள், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஓட்டல்காரர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. மேகனாவின் அம்மா காதில் விழுந்துவிடுமே என்ற நினைப்பைத் தவிர அப்போது என் தலையில் வேறு எதுவும் இல்லை. நீ தண்ணீரை எடுத்துக் குடித்தாய். நான் உனக்காக வெறும் சாதமும் காய்கறியும் சொன்னேன், அதோடு சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுகிற சாப்பாடு அது என்பது எனக்குத் தோன்றவில்லை.

மூங்கில் கூடைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. மூடியைத் திறந்தால் ஆவி. உள்ளே நம் கொழுக்கட்டை மாதிரி, மேலே சிவப்பாக ஒரு குழம்பு ஊற்றி, என்னவோ பொடியாகத் தூவியிருந்தது. மேகனாவின் அப்பா குச்சியைத் தூர வைத்துவிட்டு, கையாலேயே ஒன்றை எடுத்து உன் தட்டில் வைத்தார். "பேச்சு முடியாம எங்க ஊட்டுல கை நனைக்க மாட்டேன்னுட்டீங்க. இது என்ர ஊடு இல்லீங்க மாப்ள. இங்க நனைச்சுக்கலாம், சாப்புடுங்க" என்றார். பேச்சு முடிந்த மாதிரிதான் என்று மேஜையில் எல்லோருக்கும் அதன் அர்த்தம் தெரிந்தது. உங்கப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மேகனா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அதை நீ வேண்டாம் என்றால் அவளையே வேண்டாம் என்பது மாதிரி. நீ அதைக் குனிந்து முகர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்தாய். மேலே தூவியிருப்பது எள்ளாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கண்ணால் 'சாப்பிடு' என்றேன். ஒரு வாய்தானே என்று நினைத்தேன்.

நீ இரண்டு தடவை இருமினாய். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போனாய். போகும்போதே உன் உதடு தடித்திருந்ததா, அந்த வெளிச்சத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல முடியாது. தெரிந்தது. எழுந்தால் எல்லாம் உடைந்துவிடும், எழாவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டுக்கும் நடுவில், கையில் சூப்புக் கரண்டியோடு உட்கார்ந்திருந்தேன். மேகனாவின் அம்மா புடவையைப் பற்றி ஏதோ கேட்டார், பதில் சொன்னேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. உன்னைத் தேடி அந்த மேஜையிலிருந்து முதலில் எழுந்தது நான் இல்லை கண்ணு. மேகனாதான். வாஷ்பேசின் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நீ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்ததைப் பார்த்தது அவள். லிஃப்ட்டைப் பிடித்து நிறுத்தியது அவள். காரை ஓட்டியது அவளுடைய அப்பா. பின்சீட்டில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் சும்மா சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டுவிட்டு அந்த டாக்டர் கன்னடத்தில் கேட்டார், இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா என்று. பக்கத்தில் அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் மறுபடியும் வாயைத் திறந்தேன், என்ன வந்திருக்குமோ எனக்கே தெரியாது. நீ முகத்தில் மாஸ்க்கோடு ஒரு விரலைக் காட்டினாய். எதனால் என்று கேட்டார். மாஸ்க்கைத் தூக்கி, கடலை என்றாய். அவளுடைய அப்பாவின் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ராத்திரி மேகனா உன் கட்டில் பக்கத்தில் வந்து, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். நான் இந்தப் பக்கம் நாற்காலியில் இருந்தேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தான் சொல்லல. அம்மாவையும் சொல்ல வேண்டாம்னேன்" என்றாய். உங்கப்பா தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன். என் பிள்ளை எனக்காகப் பொய் சொல்கிறான், அந்தப் பொய்யில் ஒண்டிக்கொண்டு நான் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். மறுநாள் உங்கப்பாவுக்கு ஃபோன் வந்தது, கொஞ்ச நாள் போகட்டும் என்று.

இன்று நான் கிளம்பும்போது உங்கப்பா, ஆறின புண்ணை எதற்குக் கிளறுகிறாய் என்றார். எந்தப் புண் ஆறியது என்று கேட்டேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தனியாகத்தான் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மேகனாவும் அவளுடைய அப்பாவும் இருந்தார்கள். உட்காரச் சொல்வதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மூன்று தடவை நீ கேட்டதை, பையை வீட்டில் வைக்கச் சொன்னதை, கறுப்புக் கோட்டுப் பெண்ணிடம் நான் சொன்னதை, நீ முகர்ந்து பார்த்தும் நான் கண்ணால் ஜாடை காட்டியதை, எழாமல் உட்கார்ந்திருந்ததை. அவளுடைய அப்பா தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஏனுங்க, என்ர மில்லுக்குப் பயந்துக்கிட்டா பையனச் சாவக் குடுக்கப் பாத்தீங்க?" என்றார். குரல் உயரவே இல்லை. "அத வச்சது இந்தக் கைங்க. பதினோரு நாளா இந்தக் கைய வச்சுக்கிட்டுச் சோறு உண்ண முடியல எனக்கு." அந்த மனிதர் தன்னைத்தானே குற்றவாளி ஆக்கிக்கொண்டிருந்தார், தருண். நீ ஒரு பொய்யைச் சுமந்தாய், அவர் ஒரு பழியைச் சுமந்தார். இரண்டும் என்னுடையவை. நான் மட்டும் அடுப்படியில் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துத்தான் போனேன். மேகனா முகம் தெளியும், நாளைக்கே உனக்கு ஃபோன் பண்ணுவாள் என்று. அவள் முகம் தெளியவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, நீங்க மறைச்சீங்க, ஓகே, பயத்துல பண்ணீங்க. அவருக்குச் சந்தேகம் இருந்துச்சு இல்ல? மோந்து பாத்தாரு இல்ல? அப்புறமும் உங்க கண்ணப் பாத்துட்டு வாய்ல போட்டுட்டாரு. எனக்கு அதுதான் பயமா இருக்கு" என்றாள். நாளைக்கு நான் ஒன்று சொல்லி நீங்கள் ஒன்று சொன்னால் அவர் என்ன செய்வார் என்று கேட்டாள். நான் எழுந்து நின்று, உன்னைப் பேசச் சொல்கிறேன் என்றேன். அவள் உடனே, "வேண்டாம் ஆன்ட்டி. நீங்க சொல்லி அவர் பேசினா எனக்கு வேண்டவே வேண்டாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உன்னைப் பிடித்த பெண்தான் அப்படிச் சொல்வாள் என்று எனக்குப் பட்டது. அதுவும் என் ஆசையாக இருக்கலாம்.

திரும்பி வரும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கடலையிலிருந்து உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று, எதிரில் இருப்பது விஷம் என்று சந்தேகப்பட்டும் என் கண்ணைப் பார்த்து விழுங்குகிற ஒருவனாக உன்னை வளர்த்துவிட்டேன். உன் உடம்பைப் பற்றி யார் கேட்டாலும் பதில் உன்னுடையது. எவ்வளவு பெரிய மனிதர் தட்டில் வைத்தாலும், எந்தச் சடங்கின் பெயரால் வைத்தாலும், யாருடைய முகம் வாடினாலும் நீ சொல்லலாம். நாளைக்கு உனக்கு ஒரு குழந்தை பிறந்து அது பந்தியில் சத்தமாகப் பேசினால் பேசவிடு. இதைக்கூட நான் சொல்லித்தான் நீ செய்ய வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

ஆகவே மேகனாவிடம் பேசு என்று நான் எழுதப் போவதில்லை, பேசாதே என்றும் எழுதப் போவதில்லை. வேண்டும், வேண்டாம் இரண்டும் உன்னுடையது. இந்தக் கடிதத்தை யாருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறதோ அவர்களுக்குக் காட்டு, பெரியப்பாவுக்கே காட்டினாலும் சரி. அவளை நீ இழந்தால் அது என்னால் என்று உங்கப்பாவிடமும் சொல்லிவிட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். அன்று அந்தக் கறுப்புக் கோட்டுப் பெண் கேட்டபோது நீ வாயைத் திறந்தாயே, நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அந்தக் கொழுக்கட்டையைத் தட்டில் வைத்தபோது என் மேல் உனக்கு என்ன தோன்றியது? கெட்ட வார்த்தையாக இருந்தாலும் எழுது. என் மனசு நோகுமே என்று பார்த்துப் பார்த்து எழுதாதே. 'ஓகே' மட்டும் போடாதே கண்ணு. சீக்கிரம் பதில் எழுது.

அம்மா